இரண்டு பட்டை கழற்றிய அம்பாசடர்

எங்கள் அம்பாசடரின் பின்பக்கத்தை இறக்கியது நான்தான். மஞ்சூர் பஜாரில் கேட்டால் மெக்கானிக் பாய் இறக்கினார் என்பார்கள். ஸ்பானர் பிடித்தவர் அவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறக்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும், எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்ததும், நடுவில் ஒருமுறை அசடு வழிந்ததும் நான்.

வண்டி என் வீட்டுக்காரருடையது. இருபத்தைந்து வருஷம் டாக்ஸி ஓட்டினார். பெயருக்குத்தான் டாக்ஸி, ஆட்களை ஏற்றியதைவிட ஊட்டி மார்க்கெட்டுக்குக் கேரட் மூட்டை ஏற்றியதுதான் அதிகம். மூட்டை ஏற்றினால் எந்தக் காரும் பின்னால் உட்கார்ந்துவிடும். அது இவருக்குப் பிடிக்காது. பின் சக்கரங்களுக்கு மேலே அடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளோடு, பக்கத்துக்கு இரண்டு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்து முடுக்கிவிட்டார். அன்றிலிருந்து, காலியாக நின்றால் எங்கள் வண்டி சண்டைக்குப் போகும் சேவல் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். "என்ற வண்டி எந்த லோடுக்கும் உக்காராது" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லியே வயதானவர் இவர்.

போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கால் சரியாகத் தூக்க வராமல் போயிற்று. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். கெத்தை மலைப்பாதை வளைவுகளில் எதிரே பஸ் வந்தால்கூட எனக்குக் கை நடுங்காது. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அவரைப் பின் சீட்டில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. அந்த உயரத்துக்கு அவர் கால் எழும்பவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, ரோட்டில் போகிறவர்களெல்லாம் பார்க்க, நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "மூட்டையத் தூக்கற மாதிரி தூக்கிட்டீங்கல்ல."

அதோடு சரி. நாலு மாதம் வாசல்படி தாண்டவில்லை. காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், அதற்கும் வர மாட்டேன் என்றார். கால் இன்னும் சண்டித்தனம் செய்தது. கெஞ்சினேன், திட்டினேன், சோறு வைக்காமல்கூட ஒருவேளை இருந்து பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. இப்படியே விட்டால் அந்த நாற்காலியிலேயே முடங்கிப்போவார் என்று தோன்றியது. ஆள் ஏறாவிட்டால் என்ன, வண்டியை இறக்கிவிடலாமே என்று அப்போதுதான் புத்தியில் பட்டது.

"இனி யாருங்க கேரட் ஏத்தப் போறாங்க? அந்த ரெண்டு பட்டையக் கழட்டிடலாமுங்க" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதால் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பாய் எங்கள் வாசலுக்கே வந்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றினார். கூடுதல் பட்டைகளை எடுத்துவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினோம். எங்கள் வீட்டுச் சுவரின் அடிப்பக்கத்தில் நீல வர்ணத்தில் மட்டமாக ஒரு கோடு அடித்திருக்கிறது. சுவரை ஒட்டி நின்ற வண்டியை அந்தக் கோட்டோடு வைத்துப் பார்த்தேன். வால் இன்னும் தூக்கலாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணும் எடுத்துருங்க பாய்."

"அண்ணி, அது வண்டி பொறக்கும்போதே வந்த பட்டை."

"கோடு பொய் சொல்லுமா?"

பக்கத்துக்கு மூன்றாவதாக ஒன்றையும் கழற்ற வைத்தேன். வண்டி கோட்டுக்கு நேராக, அழகாக நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் வாயே திறக்கவில்லை.

மறுநாள் நாங்கள் பறித்த தேயிலையைக் கொண்டுபோய்ப் போடும் டீ ஃபேக்டரிக்கு வண்டியை எடுத்துப் போனேன். பாயும் கூட வந்தார். போகும் வழியில் வேகத்தடையில் சைலன்சர் இடித்தது. ஃபேக்டரியில் இலை எடை போடும் தளம் சிமெண்ட் போட்ட சமதளம். அங்கே நிறுத்தி இறங்கிப் பார்த்தால், வண்டி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பின்னால் பரிதாபமாக உட்கார்ந்திருந்தது. எந்த லோடும் இல்லாமலே!

பாய் தலையில் கைவைத்தார். "அண்ணி, நம்ம வாசல் சரிவு. மறந்தே போச்சு."

முப்பது வருஷமாக அந்த வாசலில் கோலம் போடுகிறேன். தண்ணீர் தெளித்தால் ரோட்டைப் பார்த்து ஓடும். வண்டி உருண்டுவிடாமல் இருக்க, முன் சக்கரத்துக்கு முன்னால் தினமும் கல் வைப்பவளும் நான்தான். அளவு பார்த்தபோதும் அந்தக் கல் அங்கேயேதான் இருந்தது. மலையிலேயே குடியிருந்தால் சரிவே சமதளமாகிவிடும் போல. சுவர் நேராக நிற்கிறது, தரை சரிகிறது. ரோட்டுப் பக்கம் மூக்குச் சரிந்து நிற்கும் வண்டியை மட்டமான சுவர்க் கோட்டோடு ஒப்பிட்டிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"வாசல் சரிவுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நேத்தே தெரியும்."

"சொல்றதுக்கென்னங்க?"

"என்ற பட்டையக் கழட்டறப்ப என்னைக் கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையிலிருந்த சாவியை மேஜையில் எறிந்தேன். "கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறீங்க! நாலு மாசமா நா யாருகிட்டப் பேசறதுங்க?" என்று கத்தியேவிட்டேன். அழுகையும் வந்தது. பாய் நைசாக வாசலுக்கு நழுவிவிட்டார்.

அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பழைய பட்டைய மட்டும் மறுபடி போடச் சொல்லு புள்ள. இல்லீனா ஆள் ஏறுனா டயர் உரசும்."

"அதைப் போட்டா ஒசரமாயிருமுங்களே. உங்க காலு..."

"நாஞ் சேத்த ரெண்டு பட்டையும் போனாப் போவட்டும். அது வண்டியோட சொந்தப் பட்டை. போட்டாப் பாத்துக்கலாம்."

பட்டையைப் போட்டோம். இந்த முறை பாய் ஃபேக்டரித் தளத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் ஒரே உயரம். புது வண்டியாக இருந்தபோது இப்படித்தான் நின்றிருக்கும். சுற்றுலா வந்த இரண்டு பேர் வழியில் நிறுத்திப் படம் எடுத்தார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சிக்குப் போக, அவர் வேட்டி கட்டி, ஸ்வெட்டர் போட்டு, குச்சி ஊன்றி வாசலுக்கு வந்தார். பின் கதவைத் திறந்துவிட்டு நான் கையை நீட்டினேன்.

"தொடாதே. அந்தப் பக்கம் போய் நில்லு."

போய் நின்றேன். வலது காலைத் தூக்கினார். படியில் இடித்துக் கீழே வந்துவிட்டது. என் கை தானாக முன்னால் போனது, பின்னால் கட்டிக்கொண்டேன். கூரையின் ஓரத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து, மறுபடி தூக்கினார். பாதம் உள்ளே போயிற்று. அப்படியே உடம்பைத் திருப்பி உட்கார்ந்தார். இடது காலை உள்ளே எடுத்துக்கொண்டார். கதவையும் அவரே இழுத்துச் சாத்தினார்.

ஊட்டியில் பழைய கார்களை நிறுத்திப் பரிசு கொடுக்கிறார்களாம். கொடுக்கட்டும். என் பரிசு பின் சீட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தது.

ஸ்டீயரிங்கில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சாவியைத் திருகப் போனேன். அவர் கேட்டார், சவாரிக்குக் கிளம்பும் பழைய குரலில்.

"கல்ல எடுத்தியா புள்ள?"

எடுக்கவில்லை. இறங்கிப் போய் முன் சக்கரத்தருகே குனிந்தேன். நிமிர எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.