நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் தண்ணீர்

செலண்டார் ஊரில் ஜெயமணியின் மகள் கலைமகளுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டதால் கழுத்து நிற்காது, பேச்சு வராது, விழுங்குவதும் பெரும்பாடு. ஏழு வயதுக்குள் நான்கு முறை நிமோனியா. நான்காம் முறை, மருத்துவமனையில் விழுங்கப் பழக்கும் தெராப்பி மிஸ்ஸி ஜெயமணியை உட்கார வைத்துச் சொன்னாள்:

"இது சும்மா சளி இல்லக்கா. குடிக்கிறது வயித்துக்குப் போகாம நெஞ்சுக்குப் போகுது."

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் வந்தது. நாற்காலியில் நிமிர்த்தி, தாடையைத் தாங்கிச் சின்னக் கரண்டியில்தான் சாப்பாடு. தண்ணீரைக்கூட நெஞ்சுக்கு நழுவாதபடி அதற்கென்று உள்ள மாவு கலந்து கெட்டியாக்க வேண்டும். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கக்கூடாது. இரண்டு வேளையும் பல் துலக்கல், காலையில் சளி இளக முதுகு தட்டல், வருடா வருடம் காய்ச்சல் தடுப்பூசி. லோரி ஓட்டும் கணவன் காளிதாஸ் வேலிக்கு வெளியே போய்த்தான் சிகரெட் பிடித்தான். இரண்டு வருடம் நிமோனியா என்று அவர்கள் மருத்துவமனை வாசலை மிதிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆயர் குரோ தொழிற்சாலையில் ஜெயமணிக்கு ஓவர்டைம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள காளிதாஸின் அக்கா விஜயராணி வந்தாள்.

"எல்லாம் எழுதி ஒட்டி வச்சிருக்கேன் அண்ணி. தண்ணிய மட்டும் மாவு கலக்காம குடுத்துராதீங்க."

"மூணு புள்ள பெத்து வளத்தவகிட்டயா சொல்ற? நீ போ லா."

மாலையில் ஜெயமணி திரும்பியபோது கலைமகள் பாயில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் சிராப் சர்பத் குடித்த கிளாஸ். பிள்ளையின் தொண்டையில் களகளவென்று சத்தம்.

"பாவம், வெயிலுக்கு நாக்கு வறண்டு கெடந்துச்சு. மடமடன்னு குடிச்சிருச்சு பாரு" என்றாள் விஜயராணி, பெருமையாக.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. காளிதாஸ் லோரியோடு ஜொகூரில் இருந்தான். விஜயராணியின் காரில்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பதினோரு நாள் ஆக்ஸிஜன். பிள்ளை பிழைத்தது. ஆனால் இனி வாய்வழியே ஒன்றும் கொடுக்க வேண்டாம், வயிற்றில் குழாய் வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

மருத்துவமனைக்குப் பார்க்க வந்த உறவுகள் நேரத்துக்குக் கார் எடுத்த விஜயராணியைப் புகழ்ந்தன. அவளும் தலையாட்டிக்கொண்டே, "தாய்க்காரி வேலை வேலைன்னு ஓடுனா இப்படித்தான்" என்றாள்.

ஜெயமணி அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க குடுத்த சிராப்தான் அண்ணி."

"அக்கா தெரியாம செஞ்சிருச்சு. விடு லா" என்றான் ஜொகூரிலிருந்து திரும்பியிருந்த காளிதாஸ்.

"தெரியாமயா? எழுதி வச்சிருந்தேன்ல?"

உறவுக்காரி ஒருத்தி ஜெயமணியிடம் தண்ணீர் போத்தலை நீட்டினாள்.

ஜெயமணி வேலையை விட்டுவிட்டாள். குழாய்வழிப் பாலையும் நிமிர்த்தி வைத்துத்தான் கொடுக்கிறாள். வாய்க் கிருமியோடு எச்சில்கூட நெஞ்சுக்கு இறங்கும் என்பதால் பல் துலக்குவதும் நிற்கவில்லை. போன மாதம் விஜயராணி பழப்பையோடு வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். ஜெயமணி கேட்டைத் திறக்கவில்லை. "புள்ள தூங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்காக ஒரு வாரம் காளிதாஸ் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.