வினா எழவில்லை

உமையம்மையைத் தன் திருமேனியின் சரிபாதியாக ஏற்று, செந்நிற மலையின் உச்சியில் நின்றருளும் திருச்செங்கோட்டுப் பெருமானை முதற்கண் வணங்குகிறேன். பாதி அவன், பாதி அவள் என நிற்கும் அந்தத் திருவுருவைக் காட்டிலும், நான் சொல்லப்போகும் செய்திக்குக் காப்பாகத் தகுந்த தெய்வம் வேறில்லை. இன்று வைகாசி விசாகம். மலையடிவாரத்தில் தேரோடும் நல்ல நாள்.

காலையில் மருமகள் திருவிழாச் சிறப்பு மலரை என் கையில் கொடுத்தாள். அச்சகத்திலிருந்து நேரே வந்ததுபோலும். மை முழுதாக உலரவில்லை. கண்ணாடியைத் தேடுமுன்பே அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். “ஏனுங்கத்தை, ஊரே படிக்கறதுக்கு வாங்குது, நீங்க மோந்து பாக்கறீங்க?” என்று சிரித்தாள். என்ன செய்வது? எண்ணெயும் மையும் கலந்த அந்த வாசனைக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பழுப்பு உறையை என் மடியில் கொண்டுவந்து போடும் வல்லமை இருக்கிறது. சென்னையிலிருந்து தபாலில் வரும் அந்த உறைக்குள், சைக்ளோஸ்டைல் எனப்படும் உருட்டச்சில் எடுத்த தாள்கள் இருக்கும். என் வினாக்களுக்கு அரசுத் துறைகள் எழுதிய விடைகள் அவை.

என் வினாக்கள் என்று எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. சட்டப்படி அவை என் வீட்டுக்காரருடையவை. அவர் ஒரு தவணை சட்டசபை உறுப்பினராக இருந்தார். அவர் பெயரை எழுத என் கை வராது. கோயில் அருச்சனைக்குக்கூட, “மேல நிக்கறவரு பேருதானுங்க” என்று குருக்களிடம் மலையைக் காட்டித் தப்பித்துக்கொண்டவள் நான்.

சந்தையில் ஒரு சோடிக் காளைக்கு விலை பேச நின்றாரென்றால், விற்பவனும் வாங்குபவனும் வேலையை மறந்து அவர் பேச்சைக் கேட்பார்கள். ஆனால் சபைக்குள் அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். ஒரே ஒருமுறை எழுந்து நின்றாராம். “தலைவர் அவர்களே” என்றாராம். ஒரு குவளை தண்ணீர் குடித்தாராம். உட்கார்ந்துவிட்டாராம். இதை அவரே வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். பிறகு பூசையறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அடுத்த முறை ஊர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. உறுப்பினர் எவரும் எழுத்தில் வினாக் கொடுக்கலாம், துறைகள் எழுத்தில் விடை தந்தாக வேண்டும் என்ற விதியை எவரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“ஏம்புள்ள, பேசறதுக்குத்தான நாக்கு வேணும்? எழுதறதுக்கு நீ இருக்கற.”

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆயினும் என் தகப்பனார் கோயில் ஓதுவாரை வைத்து எனக்குப் பதிகங்களைப் பாடம் சொல்லுவித்திருந்தார். விடியலில் குளித்து, ஒரு பதிகம் பாடி, திருநீறு இட்ட கையோடு எழுதுகோலை எடுப்பேன். அவர் எதிரே அமர்ந்து தோள்துண்டை மடியில் விரிப்பார். துண்டு நிறைய முடிச்சுகள். சந்தையிலும் பேருந்திலும் சாவு வீட்டிலும் எவர் எந்தக் குறையைச் சொன்னாலும், தாளும் பேனாவும் தேடாமல் துண்டில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

“இது எடப்பாடித் தறிக்காரங்க, நூலு வரலீங்கறாங்க. இது கெங்கவல்லிப் பக்கம் ரோடு. இது கோமாரிக்கு ஊசி போடற டாக்டரு. இது...” என்று ஒரு முடிச்சைப் பிடித்தபடி விழிப்பார். “இது என்னன்னு மறந்துபோச்சு புள்ள.”

“அவுத்துப் போடுங்க.”

“அதெப்பிடி? சொன்னவன் மறந்திருக்க மாட்டானில்ல?”

நினைவுக்கு வரும்வரை அந்த முடிச்சு அப்படியே இருக்கும். துவைக்கும்போதும் நான் அவிழ்க்கக் கூடாது.

எழுதி முடித்ததும் அவற்றை மாட்டுக் கட்டுத்தறிக்குக் கொண்டுபோய், எருமைகளின் எதிரே நின்று உரத்த குரலில் வாசிப்பார். கணீரென்றிருக்கும். “இதுககிட்ட வருது, அங்க வர மாட்டீங்குது” என்பார். எருமைகளும் மாண்புமிகு அமைச்சர்களைப் போலவே அசைபோட்டுக்கொண்டு கேட்டிருக்கும்.

அந்த முடிச்சுகளுள் ஒன்று பாவாயியுடையது. அடுத்த தோட்டத்து வண்டிக்காரரின் மனைவி அவள். இரண்டு பிள்ளைகளைப் பேறுகாலத்தில் இழந்தவள். இரண்டும் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மாட்டுவண்டியிலேயே. மூன்றாவது வயிற்றிலிருந்தது, தை மாதம் பேறுகாலம். எங்கள் ஊரில் தாய்சேய் நல விடுதி என்று ஓட்டுக் கட்டடம் ஒன்று கட்டி, சுண்ணாம்படித்து, மாலை மரியாதையோடு திறந்தும் வைத்தாயிற்று. மருத்துவச்சியை மட்டும் அனுப்பவில்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி மணியக்காரர் இடுப்பில் இருந்தது. பாவாயி மோர் வாங்க வரும்போதெல்லாம், “அக்கா, பூட்டு எப்பத் தொறப்பாங்களாமா?” என்று கேட்பாள். குரலில் அவசரமே இராது. அதுதான் எனக்குத் தாங்காது.

ஆடி மாதத்தில் முதல் வினாவை எழுதினேன். உள்ளமுருகி எழுதினேன். “கருணைக்கடலாகிய அரசு, கதவடைத்துக் கிடக்கும் எங்கள் விடுதியைக் கடைக்கண்ணால் நோக்கி, ஏழைத் தாய்மாரின் இடர்களைந்து, ஒரு மருத்துவச்சியைத் தந்தருளுமா?” எருமைகள்கூட அன்று அசைபோடுவதை நிறுத்தியதாக அவர் சொன்னார். இரண்டு வாரத்தில் வினா திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: வினாவில் புகழுரை, வேண்டுகோள், வாதம் ஆகியவை இடம்பெறலாகாது.

“சாமிக்கு எழுதோண்டியத சர்க்காருக்கு எழுதிப்போட்டயா?” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சினம் வந்தது. புகழாமல் கேட்பது எப்படி? நான் கற்ற பாடல்களில் எவரும் அப்படிக் கேட்டதில்லையே! அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. குழம்பில் உப்பையும் குறைத்தேன்.

இரண்டாவதாக, பல்லைக் கடித்துக்கொண்டு, மொட்டையாக எழுதினேன். “மேற்படி விடுதிக்கு மருத்துவச்சியை நியமிக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா?” புரட்டாசியில் விடை வந்தது. “உண்டு. ஆய்வில் இருக்கிறது.” நான் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பாவாயிக்குக் கிண்ணம் நிறையக் கொடுத்து, தாளைப் படித்துக் காட்டினேன். அவள் பொங்கலைத் தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டுக் கேட்டாள்: “ஆய்வுனா பூட்டுத் தொறக்கறதுங்களா அக்கா?”

ஐப்பசியும் கழிந்தது. அந்த ஆண்டு மழை அடித்துப் பெய்தது. சேலத்துச் சாலையோரம் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஆலைகளின் புளித்த நாற்றம் ஈரக்காற்றில் எங்கள் ஊர்வரை வந்தது. பூட்டு மழையில் நனைந்து துருவேறியது. பாவாயிக்கு வயிறு இறங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் தன் கணவரைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கூட்டுக்காரர்கிட்ட, சந்தைக்குப் போலாமுங்களான்னு கேட்டா ‘போலாம் போலாம்’னு கட்டல்லயே கெடப்பாருங்க அக்கா. வண்டிக் கடையாணி எங்க வெச்சீங்கன்னு கேக்கோணும். அப்பத்தான் எந்திரிச்சுப் போய்த் தேடுவாரு. எந்திரிச்சவரு வண்டியப் பூட்டிருவாரு.”

கையில் மோர்ச்செம்போடு அப்படியே நின்றுவிட்டேன். மறுநாள் காலையில் மூன்றாவது வினா பிறந்தது. (அ) மேற்படி விடுதி தற்போது இயங்குகிறதா? (ஆ) இயங்கவில்லையெனில், அதன் சாவி எவரிடம் உள்ளது? கதவு கடைசியாகத் திறக்கப்பட்ட நாள் எது? (இ) அவ்வாறெனில், கட்டடத்தினுள் இன்றைய நாளில் உள்ள பொருள்கள் யாவை? எவரும் எழுந்து வந்து பாராமல் இவற்றுக்கு விடை எழுத முடியாது. புகழுரை இல்லை, வேண்டுகோள் இல்லை. பாவாயி சொன்ன கதையையும் அவரிடம் சொன்னேன். அவர் வாசித்துவிட்டு, “கடையாணி எங்கன்னு கேட்டுப்போட்ட!” என்றார்.

மார்கழிப் பிறப்பில், செம்மண் சேறு தெறிக்க, சுகாதார அதிகாரியின் ஜீப் வந்தது. கையில் என் வினாவின் நகல். ஊரே வேலியோரம் கூடிவிட்டது. என் வீட்டுக்காரரும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். நான் சற்றுத் தள்ளி, என் புலமையை எண்ணி உள்ளூரப் பூரித்தபடி நின்றேன். மணியக்காரர் மட்டும் ஏனோ சாவியை இடுப்பில் தேடிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகப் பூட்டுத் திறந்தது. வேர்க்கடலை வாசனை குப்பென்று வெளியே வந்தது. பிரசவக் கட்டிலின் மேலும் கீழும் விதைக்கடலை மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் காவியால் எழுதிய திரிசூலம். அந்தத் திரிசூலம் எங்கள் வீட்டுக் குறி. அதை அறியாதவர் அவ்வூரில் இல்லை.

எங்கள் பண்ணையத்தைப் பார்த்துக்கொண்ட மாரப்பண்ணன் பின்னால் நின்றிருந்தார். “யாருங்கண்ணா மூட்டைய இங்க வெக்கச் சொன்னது?” என்று கேட்டேன்.

“அம்மிணிதானுங்க சொன்னீங்க! குடோனு ஒழுகுது, எங்கியாச்சும் நனையாத எடத்துல வெய்யுங்கன்னீங்க. ஊருக்குள்ள ஒழுகாத கூரை இது ஒண்ணுதானுங்களே. எமெல்லே ஊட்டு மூட்டைன்னதும் மணியக்காரரும் சாவியக் குடுத்துட்டாருங்க.”

உண்மைதான். என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்த ஐப்பசி நாளொன்றில் நான் அப்படிச் சொல்லியிருந்தேன். எந்த இடம் என்று பிறகு கேட்கவேயில்லை. நூலுக்கும் சாலைக்கும் கோமாரிக்கும் வினா விடுத்தவள், என் வீட்டு மூட்டை எங்கே போயிற்று என்று ஒரு வினா விடுக்கவில்லை.

அதிகாரி வெளியூர்க்காரர், பண்பாளர். என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, “ஐயா, உள்ளே இருக்கிறது என்னன்னு எழுதினா அது அச்சாகி எல்லா மெம்பர் கைக்கும் போகும். இந்த வினாவ வாபஸ் வாங்கிக்கிட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது” என்றார். வாபஸ் வாங்கினால் காகிதம் உறங்கிவிடும். காகிதத்தோடு விடுதியின் பூட்டும் உறங்கிவிடும்.

வேலியோரம் பாவாயி நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றின் மேல். அவர் அவளைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவள் முடிச்சு அதில் இன்னும் இருந்தது.

“வாபஸெல்லாம் வேண்டாமுங்க. மூட்டை எங்களுதுன்னே எழுதுங்க. சபைல ஒருக்காவாச்சும் எம்பேரு அடிபடட்டும்.”

சொல்லிவிட்டு, அந்த வெள்ளை வேட்டியோடு முதல் மூட்டையைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தார். அன்று வீட்டுக்கு வந்தும் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. படுக்கப் போகுமுன், “ஏம்புள்ள, விதைக்கடலை நனையலியில்ல?” என்று மட்டும் கேட்டார். உப்பைக் குறைத்த குழம்பெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

பிறகு நான் தபால்காரரைக் கண்டாலே வீட்டுக்குள் போய்விடுவேன். பழுப்பு உறை வரும், அதில் அவர் மானம் உருட்டச்சில் ஏறி வரும் என்று மார்கழி விடியல்தோறும் பாடும்போதெல்லாம் அடி மாற்றிப் பாடினேன். உறைக்கு முன்னால் பேருந்திலிருந்து இறங்கியவர் மருத்துவச்சி லூர்துமேரி அம்மாள். சேலத்துக்காரர், ஒரு தகரப்பெட்டி, ஒரு மாதா படம். கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஆஸ்பத்திரியில ஏம்மா கடலை வாசம் அடிக்குது?” நான் விளக்குமாற்றை எடுத்துவந்து மும்முறை பெருக்கிக் கழுவிவிட்டேன்.

தை மாதம் ஒரு நண்பகலில் பாவாயிக்கு வலி கண்டது. உள்ளே அம்மாள் செபம் சொல்லிக்கொண்டே வேலை பார்க்க, வெளியே நான் பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். எந்தச் சொல் முதலில் போய்ச் சேர்ந்ததோ அறியேன். பெண்குழந்தை, ஊர் கேட்க அழுதது. என் வீட்டுக்காரர் துண்டிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தார்.

அதன்பின் உறை வந்தது. பூசையறையில் வைத்துப் பிரித்தேன். “(அ) மேற்படி விடுதி மருத்துவச்சியுடன் இயங்கி வருகிறது. (ஆ) வினா எழவில்லை. (இ) வினா எழவில்லை.” இயங்காவிட்டால்தானே சாவிக்கும் மூட்டைக்கும் விடை எழுத வேண்டும்? மூட்டைகளைப் பற்றி எழுத மனமில்லாத அந்த நல்ல அதிகாரி, எழுத வேண்டிய தேவையே இல்லாமல் மருத்துவச்சியை அனுப்பி வைத்துவிட்டார். அவர் யாருக்கு எழுதினார், எத்தனை படி ஏறி இறங்கினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பெயருக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றினேன்.

அடுத்த தேர்தலில் எதிரணிப் பேச்சாளர் ஒருவர் சந்தைத்திடலில் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். “அஞ்சு வருசத்துல இவரு கேட்ட கேள்விக்கு வந்த பதிலப் பாருங்க! எழவில்லையாம், எழவில்லையாம்!” கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் என் வீட்டுக்காரர். அப்போது பாவாயி தன் மகளை இடுப்பிலிருந்து தூக்கித் தலைக்குமேல் காட்டினாள். “எழவில்லீன்னா, அப்பறம் இது எங்கிருந்துங்க வந்துச்சு?” கூட்டம் மறுபடி சிரித்தது, இம்முறை வேறுவிதமாக. ஆனாலும் அவர் தேர்தலில் தோற்றுத்தான் போனார். மறுநாளே ஏர் பூட்டினார்.

இப்போது அந்த ஓட்டுக் கட்டடம் இல்லை. அவ்விடத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்கள். உருட்டச்சு மை இல்லை. வினாக்களைக் கேட்ட எருமைகள் இல்லை. லூர்துமேரி அம்மாள் சேலத்துக் கல்லறையில் உறங்குகிறார். என் பாதியாக இருந்தவர் போய் முப்பது ஆண்டுகளாகின்றன. அவருடைய துண்டொன்று என் பூசையறையில் இருக்கிறது. அதில் ஒரு முடிச்சு அவிழாமலே நின்றுவிட்டது. யார் சொன்ன குறை, எந்தத் துறைக்கு உரியது என்பது அவருக்கும் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. சொன்னவர் மறந்திருக்க மாட்டார் என்று அவர் சொல்லியிருக்கிறாரே. ஆகவே நானும் அவிழ்க்கவில்லை. துண்டு கசங்கினால் முடிச்சோடுதான் துவைக்கிறேன்.

பதிகம் பாடிய பெரியோர், பாடலின் கடைசியில், ஓதுவோர்க்கு நலம் கூறி முடிப்பது மரபு. சிறியேனும் அவ்வழியே நிற்கிறேன். இதை வாசிக்கும் ஒவ்வொருவர் இல்லத்திலும் பிள்ளைகள் நலமாய்ப் பிறக்கட்டும். பூட்டிய கதவுகள் காலத்தில் திறக்கட்டும். உங்கள் குறையைக் கேட்டவர் அதை மறந்தாலும் முடிச்சை அவிழ்க்காதவராய் இருக்கட்டும். உமையொருபாகன் அருளால், இனி எவர் வீட்டிலும், மோர் வாங்க வந்த பாவாயி கேட்ட அந்த வினா எழாதிருப்பதாக.