பெயர்க் கட்டத்தில் நான் எழுதியது

ஒரே பெயரை இரண்டு குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்ட ஒருத்தி, அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கும்போது யாரை அழைக்கிறாள்? எட்டு வருடமாக எனக்குப் பதில் தெரியவில்லை. போன மாதம் என் மகள் முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக ஞானஸ்நானச் சான்று வாங்கப் பாலக்கரையில் எங்கள் கோயில் அலுவலகத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அலமாரியில் சிவப்புத் துணியால் முதுகு கட்டிய அந்தக் கனத்த நோட்டு இருந்தது. அதற்குள் இருப்பது முழுவதும் என் கையெழுத்து.

ஊருக்குள் வெள்ளம் வந்தபோது கோயிலின் பழைய இறப்புப் பதிவேடு நனைந்துவிட்டது. காய்ந்த பிறகு பக்கங்கள் அப்பளமாய் நொறுங்கின. பொடியாகும் முன் நகல் எடுத்துவிட வேண்டும் என்றார் பங்குச்சாமியார். வரலாறு படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும், வீட்டில்தான் இருக்கிறாள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு ஆறு மாதம். “மாசமா இருக்கிறவளுக்குச் செத்தவங்க பேரை எழுதறதுதான் வேலையா?” என்று மாமியார் என்னிடம் சத்தம் போட்டார். சாமியார் வீட்டுக்கு வந்து கேட்டபோது மட்டும், “அதுக்கென்னங்க சாமி, வருவா” என்றார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் போவேன். உபதேசியார் படிப்பார், நான் எழுதுவேன். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பதும், சாவு வீட்டில் முதல் ஆளாய்ப் போய் நிற்பதும் அவர் வேலை. முதல் நாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “எழுதறது ஒருத்தர், கேக்கிறது ரெண்டு பேரு. மெதுவாவே படிக்கிறேம்மா” என்று சிரித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார், யாரோ கடந்து போக வழிவிட்டு ஒதுங்குகிறவர் போல. பக்கம் முடிந்ததும் பழையதோடு வைத்துப் பார்த்து, கீழே ‘ஒத்துப் பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்திடுவார்.

கல்லூரியில் நான் படித்த நூற்றாண்டுகளில் போரும் ராஜாக்களும் இருந்தார்கள். இந்தப் பதிவேட்டில் இருந்த நூற்றாண்டுகள் வேறு. நல்ல வருடங்களில் எழுத்து அகலமாய், கொக்கிகள் வைத்து அழகாக இருக்கும். பஞ்சமோ அம்மையோ வரும்போது சிறுத்துச் சாயும், மை விட்டுவிட்டுத் தெரியும். வாந்திபேதி வந்த ஒரு ஆடியில் ஒரே நாளில் பதினோரு பேர். அடுத்த வரியில் எழுத்தே மாறியிருந்தது. புதிய கை முதலில் எழுதியிருந்த பெயர், அதுவரை எழுதிவந்தவருடையது. உபதேசியார் அங்கே இரண்டு மூச்சு நிறுத்தினார். “வியாதி பேரை மாத்திக்கும்மா. வர்ற வழி அதே தண்ணிதான்” என்றார். இந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து நான்கு குழந்தைகளுக்குக் காமாலை வந்தபோது அந்தச் சொல்தான் காதில் கேட்டது. நான் தண்ணீரைக் காய்ச்சி, ஆறிய பிறகு சந்தேகப்பட்டு மறுபடி காய்ச்சினேன்.

அதே ஆடியில்தான் அந்த வரியும் இருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரையில் இறந்த ஒரு தாய், அவளோடு ஒன்பது நாள் பெண் குழந்தை. சாகும் முன் யாரோ அவசர ஞானஸ்நானம் கொடுத்ததாகக் குறிப்பு. பெயர்க் கட்டம் காலி. உபதேசியார் “பேரு...” என்று சொல்லி நிறுத்தினார். அவர் நிறுத்தினால் எழுதுவது என் கைக்குப் பழகிவிட்டிருந்தது. என் வயிற்றில் இருந்தவளுக்கு நானும் கணவரும் மட்டும் பேசி வைத்திருந்த பெயரை எழுதினேன். மை காய்ந்த பிறகுதான் பார்த்தேன்.

“அடிச்சிடறேங்க ஐயா” என்றேன். அவர் பேனாவைத் தடுத்தார். “இத்தனை வருஷம் பேரில்லாம கிடந்த புள்ள. குடுத்துட்டு உடனே பிடுங்கணுமாம்மா?” என்றார். பக்கத்தின் கீழே ‘ஒத்துப் பார்த்தது’ என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒத்திராத ஒன்றை அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

மகளுக்கு நான் வேறு பெயர் வைத்திருக்கலாம். ஆனால் பிரசவ மயக்கத்தில் நான் கிடக்கும்போதே கணவர் பெயரை வீட்டில் சொல்லிவிட்டார், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காரணம் சொல்லி மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

மகளுக்கு ஐந்து வயதில் ஸ்ரீரங்கத்தில் கணவரின் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். சாயங்காலம் எல்லோரும் கொள்ளிடத்து மணலுக்கு நடந்தோம். மகள் முன்னால் ஓடி, தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தருகே நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்றாம் முறை கத்தியதும் நிதானமாக நடந்து வந்தாள். “என்னையா கூப்பிட்டீங்க? நான் அவளைன்னு நெனச்சேம்மா.” யாரை என்று கேட்டேன். “அவதான்” என்று சொல்லிவிட்டு என் புடவையில் மணலைத் துடைத்தாள். மணலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வகுப்பில் அதே பெயரில் இன்னொரு பெண் இருக்குமோ என்று டீச்சரிடம் விசாரித்தேன். இல்லை. அன்று முதல் அவளைப் பெயர் சொல்லி அழைக்காமல் ‘பாப்பா’ என்றே சமாளிக்கிறேன். அந்தப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. இன்னொரு முறை எழுதக் கை வரவில்லை.

உபதேசியார் இறந்து மூன்று வருடமாகிறது. பழைய பதிவேடு பொடியாகி, கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்களாம். இனி உலகத்தில் சாட்சி அந்தச் சிவப்பு முதுகு நோட்டுதான், அதில் பொய் எழுதியவள் நான்தான். சான்றுக்குக் காத்திருந்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அருகில் நின்ற மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “அம்மா, என் பேரு” என்றாள். பயப்படவில்லை. தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல் லேசாகச் சிரித்தாள்.

வருகிற ஞாயிறு ஆலயத்தில் சாமியார் அவளைப் பெயர் சொல்லி முன்னால் அழைப்பார். அதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும். சாமியாரிடம் உண்மையைச் சொல்லி அந்தக் கட்டத்தை மறுபடி காலியாக்கினால் என் மகளின் பெயர் அவளுக்கு மட்டும் ஆகும். ஆனால் ஒன்பது நாள் குழந்தை இரண்டாம் முறையும் பெயரில்லாமல் போகும். இறந்துபோன நல்ல மனிதர் ஒருவரின் கையெழுத்தும் பொய்யாகிவிடும். பிள்ளை பெற்றவர்கள், என்னைவிட நிதானமானவர்கள் இதைப் படிப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள், அந்த வரியை நான் அடிக்கட்டுமா, விட்டுவிடட்டுமா?