காந்திமதி பெயரில் ஒரு வீல்சேர்

காந்திமதிக்குக் கோபம் வருவது அபூர்வம். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டியவளுக்குப் பொறுமை தானாக வந்துவிடும். அப்படிப்பட்டவள், மகன் ஜெயந்த் அனுப்பிய விமான டிக்கெட்டைப் பார்த்துவிட்டு டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள் என்றால் விஷயம் சின்னதாகவா இருக்கும்?

அக்டோபர் கடைசியில் அவளுக்கு ஓய்வு. நவம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு சிங்கப்பூர், மகள் மானசா வீட்டுக்கு. ஜூலையிலேயே டிக்கெட் எடுத்துவிட்டான் ஜெயந்த். எல்லாம் நல்ல சேதிதான். ஆனால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘வீல்சேர் தேவை’ என்று போட்டிருந்தது.

கணவர் பத்மநாபன் பெயருக்கும் போட்டிருந்தது. அவருக்கு அதில் பரம சந்தோஷம். வரிசையில் கால் கடுக்க நிற்காமல் ஜம்மென்று போய்விடலாமே என்றார். காந்திமதிக்கு அது வேறு எரிச்சல். உடனே மகனுக்குப் போன் போட்டாள்.

“ஏல ஜெயந்த், எனக்குக் கால் இருக்குல்லா? பொறவு எதுக்கு நாற்காலி?”

ஜெயந்த் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து, குர்கானில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அம்மாவின் திருநெல்வேலித் தமிழ் அவனுக்குப் புரியும், பேச வராது. “அரே அம்மா, அறுபது ஆகப்போகுது இல்ல? எல்லா ஆன்ட்டிக்கும் இப்படித்தான் போடறாங்க” என்றான்.

‘எல்லா ஆன்ட்டிக்கும்’ என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு நாற்காலி. நாளைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகாதே என்பான். மறுநாள் பஸ்ஸில் ஏறாதே என்பான். ரிட்டயர் ஆனதும் தன்னை ஒரேயடியாக உட்காரவைத்துவிடுவார்களோ என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்நேகா வந்து வாய்த்தாள். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பெண். லீவு நாளில் ஆட்களைச் சேர்த்து மலையேறக் கூட்டிப் போவாள். குன்றின்மேல் இருக்கிற மலைமந்திர் முருகன் கோயிலில், பிரசாத வரிசையில் பழக்கம். அக்டோபரில் ஹிமாச்சலில் ‘பாஞ்ச் பெஹன்’ போகிறோம், அக்கா தங்கை மாதிரி ஒட்டி நிற்கிற ஐந்து சிகரங்கள், ஐந்தையும் ஒரே நாளில் ஏறி இறங்கவேண்டும் என்று அவள் சொல்ல, காந்திமதி பிடித்துக்கொண்டாள். மகனிடம் பந்தயம் கட்டினாள். ஐந்தும் ஏறினால் வீல்சேரை எடுத்துவிட வேண்டும். ஏறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஜெயந்த் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தானும் வருவதாகச் சொன்னான். தினமும் ஜிம்முக்குப் போகிற உடம்பு அவனுக்கு. ஸ்நேகா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். பன்னிரண்டு மணிக்குள் மூன்றாவது சிகரத்துக்கு வந்தாக வேண்டும். வராதவர்களை அங்கிருந்து குறுக்குவழியில் இறக்கிவிட ஒரு கோவேறு கழுதை நிற்கும். யாருக்காக நிற்கப்போகிறது என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

மூன்று மாதம் பயிற்சி நடந்தது. விடிந்ததும் மலைமந்திர். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு பத்து முறை ஏறி இறங்குவாள். தினமும் பத்து முறை வந்து நின்று ஒன்றுமே கேட்காமல் போகிறாளே என்று முருகனே குழம்பியிருப்பான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் நடை தொடங்கியது. பன்னிரண்டு பேர். முதல் சிகரத்தின் உச்சியில் ஒரு தேவி கோயில், அதற்கு நாற்பது கல்படி. மற்றவர்களெல்லாம் கோயில் வாசல் வரை ஷூவோடு ஏறி, அங்கே கழற்றிக் கும்பிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தார்கள். காந்திமதியும் கும்பிட்டாள், மணியடித்தாள், மலையின் மறுபக்கம் அவர்களோடு இறங்கினாள். பைன் மரச் சருகு மெத்தை போட்ட மாதிரி கிடந்தது. இன்றைக்கு நடப்பதற்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்றுகூட நினைத்தாள். இருபது நிமிஷம் கழித்து முதல் கருங்கல் காலில் சுளீரென்றது. குனிந்து பார்த்தால் வெறும் கால்!

மூன்று மாதப் பழக்கம் சும்மா விடுமா? படிக்குக் கீழே ஷூவை ஜோடியாகக் கழற்றிவைத்துவிட்டு, திரும்பி அந்த வழியே வரப்போவது போல நிம்மதியாக ஏறிவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். பிறகுதான் மணி எட்டரை என்பது உறைத்தது. இனி வழியெல்லாம் கூர்க்கல். ஷூ இல்லாமல் முடியாது. போய் எடுத்துவர ஒரு மணி நேரம் ஆகும். ஜெயந்த் அவள் தோளில் கைபோட்டு, போதும்மா, இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு, நானும் உன்னோடு இறங்கிவிடுகிறேன் என்றான். கேலி செய்திருந்தாலாவது பொறுத்திருப்பாள். அவன் அன்பாகச் சொன்னதுதான் அவளைப் போட்டு வாட்டியது.

“ஏல, நீ முன்ன போ. நான் என் செருப்ப எடுத்துட்டு வாரேன்” என்று திரும்பி நடந்தாள்.

எப்போதும் கடைசியில் வருகிற உள்ளூர் வழிகாட்டி அவளோடு போனார். ஏறினாள், நாற்பது படி இறங்கினாள், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்பதும் திரும்ப ஏறினாள். தேவியை இன்னொரு முறை கும்பிட்டாள். வாசலில் ஷூவை மாட்டியவள் அப்புறம் எங்கேயும் நிற்கவில்லை. வழிகாட்டிதான் மூச்சு வாங்கிக்கொண்டே, மெதுவாகப் போங்கள் மாதாஜி என்று இந்தியில் கெஞ்சிக்கொண்டு வந்தார். இரண்டாவது சிகரத்தில் ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். மூன்றாவது சிகரத்தில் கால் வைத்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.

கோவேறு கழுதை புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்துப் பாறையில் ஜெயந்த் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் வாங்கிய புது ஷூ குதிகாலை உரித்துவிட்டது. நொண்டி நடந்ததில் கணுக்கால் பிசகி, பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

காந்திமதி ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தயமாவது ஒன்றாவது! தைலம் தேய்த்தாள், துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினாள், கீழே போகலாம் வா என்று அவன் பையையும் தோளில் மாட்டினாள். அவன் அந்தப் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டான்.

“அம்மா, நீ போ. பாதியில நீ இறங்கினா நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். எனக்கு அப்படி ஜெயிக்க வேணாம்.”

அவளுக்குக் கண் கலங்கியது. வழிகாட்டி கூடவே போகிறார், ஒரு மணி நேரத்தில் கீழே நிற்கிற நம் பஸ்ஸுக்குக் கொண்டுபோய்விடுவார் என்று, மற்றவர்களோடு அங்கே காத்திருந்த ஸ்நேகாவும் தைரியம் சொன்னாள். ஜெயந்த் கழுதைமேல் ஏறி, வளைவு திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே போனான்.

நான்காவது, ஐந்தாவது சிகரங்களை அவள் எப்படி ஏறினாள் என்று ஸ்நேகா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். ஐந்தாவது உச்சியில் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். காந்திமதி கண்ணாடி போட்டுப் படித்தாள். ‘ஐந்து சிகரங்கள்’ என்று இருந்தது. முதல் சிகரம் இரண்டு தடவை, ஆகமொத்தம் ஆறு என்றாள். ஸ்நேகா ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினாள். அதோடு விட்டாளா? அடித்துத் திருத்திய இடத்தில் சின்னக் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

நவம்பரில் டெல்லி விமான நிலையத்தில் இரண்டு வீல்சேர்கள் வந்தன. ஒன்றில் பத்மநாபன் ஏறி, காலை வாகாக நீட்டிக்கொண்டார். இன்னொன்றைத் தள்ளி வந்தவர் காந்திமதியைப் பார்த்து, உட்காருங்கள் மாதாஜி என்றார். அவள் கட்டுப்போட்ட காலோடு நின்ற ஜெயந்தைக் காட்டினாள். அந்த வீல்சேரை அவன் பெயருக்கு மாற்றியாகிவிட்டது.

மூன்று பாஸ்போர்ட்டையும் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஜெயந்தின் குரல் கேட்டது.

“அம்மா, கொஞ்சம் மெதுவா போம்மா. இவங்களால தள்ள முடியல.”