மஞ்சள் அடித்த பூண்

இங்கே பெயிண்ட் அடிக்கிற நாள் வந்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். ஓமான் கடற்கரையில் ஒரு பட்டறையில் நான் பொக்லைன் மெக்கானிக். ஒரு வண்டிக்கு மஞ்சள் அடிக்க ஒரு மணி நேரம் போதும். அதற்கு முன்னால் அதன் ஹோஸ் ஒவ்வொன்றையும், அதாவது எண்ணெய் அழுத்தத்தோடு ஓடுகிற தடித்த ரப்பர் குழாய்களை, முனையில் இறுக்கியிருக்கும் இரும்புப் பூணோடு சேர்த்துப் பழைய செய்தித்தாளால் சுற்ற வேண்டும். அதற்கே அரை நாள் போய்விடும். ஒரு சொட்டு மஞ்சள்கூட அதில் படக்கூடாது. கேம்ப் மெஸ்ஸிலிருந்து வருகிற மலையாளப் பேப்பரும் தமிழ்ப் பேப்பரும்தான் சுற்றக் கிடைக்கும். நம்மூர்ச் செய்தியைப் படித்துக்கொண்டே சுற்றுவேன், வேலை இன்னும் தாமதமாகும்.

வந்த முதல் மாதம் இது எனக்குத் தெரியாது. நல்ல பெயர் வாங்கலாமென்று ஒரு வண்டிக்கு ஹோஸோடு சேர்த்துப் பளிச்சென்று மஞ்சள் அடித்துவிட்டேன். சூப்பர்வைசர் கமீஸ் உள்ளூர்க்காரர், அதிகம் பேசாதவர். வந்து பார்த்தார். எங்கள் ஊரில் பண்டிகைக்கு இப்படித்தான் அடிப்போம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். தலையாட்டினார். ஆஹா, பாராட்டுகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூணைச் சுரண்டினார். "இதுக்குக் கீழே என்ன இருக்குன்னு நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "மாத்தலாம்னுதான் இருந்தேன் சார், வேணும்னு செய்யல" என்று தமிழில் உளறினேன். அந்த ஹோஸோ புத்தம் புதுசு. கமீஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, நிழலில் உட்காரவைத்து ஒரு பாட்டில் லபன் மோர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மோரை நான் குடிக்கவில்லை. நான் பதில் சொன்னது அந்த ஹோஸுக்கு இல்லை, சென்னைப் பக்கம் சென்னீர்குப்பத்தில், ஊரைவிட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் அடித்த இன்னொரு ஹோஸுக்கு.

பெங்களூர் ஹைவேயை ஒட்டி எங்கள் ஷெட்டு இருந்தது. நானும் டில்லியும் அங்கே மெக்கானிக். டில்லி மண்ணூர்பேட்டைக்காரன், எனக்கு ஒரு வயசு மூத்தவன், ஆனால் வாடா போடாதான். அந்தப் பக்கம் கடல் கண்ணில் படாது. ஆனாலும் காற்றில் இருக்கிற ஈரம் இரும்பை விடாது. காலையில் டீசல் டேங்கின் அடித் திருகைத் திறந்தால் முதலில் தண்ணீர்தான் சொட்டும். சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவோம். ஹோஸின் ரப்பர் நன்றாகவே இருக்கும், பூண் மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். மேலே செதில் செதிலாகத் துரு உரியும்போது மாற்றிவிட வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு வண்டியெல்லாம் கல்யாணப் பெண் மாதிரி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஸ்ப்ரே கன்னை எடுத்துக்கொண்டு அடித்துக்கொண்டே போனேன். பொக்லைனின் நீண்ட கை இருக்கிறதே, பூம் என்போம், அதைத் தூக்கிப் பிடிக்கிற ஹோஸில் ஒரு பூண் செதில் விட்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. புது ஹோஸில் பூணை மெஷினில் வைத்து அழுத்தி வாங்க அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். பூஜைக்குக் கடையெல்லாம் சாத்தியாயிற்று. சரி, திறந்ததும் மாத்திக்கலாம் என்று அதன்மேலும் மஞ்சளை அடித்தேன். அதற்கும் சேர்த்துச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, பொரி தின்றோம்.

மறுநாள் டில்லி வண்டியைச் சுற்றி வந்தான். "இன்னா மச்சான், பூம் ஓஸு மாத்திட்டியா? துரு கட்டிகினு இருந்துச்சே, இப்போ புதுசாட்டம் கீது" என்றான்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மாத்தலடா என்று சொன்னால், பூஜைக்கு முன்னாடியே பார்க்கவேண்டியதுதானே என்று நாள் முழுக்க ஓட்டுவான். அந்தக் கிண்டலுக்குப் பயந்து சொன்னது. கடை திறந்தபோது எனக்கு ஓமான் விசா வந்துவிட்டது. மெடிக்கல், போட்டோ, ஏஜென்ட் ஆபீஸ் என்று அலைந்தேன். ஹோஸ் மறந்தே போனது. மறந்தது பொய்யில்லை, ஆனால் மறந்ததைச் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

பத்து நாளில் மழை பிடித்தது. திருமுல்லைவாயிலில் ஒரு பிளாட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த வண்டி அது. மண் அள்ளுகிற பக்கெட்டைப் பூமில் மாட்டியிருக்கும் பின்னுக்குக் கிரீஸ் அடிக்க டில்லி போயிருந்தான். சுற்றிலும் சேறு. பூமை இறக்கினால் பக்கெட் சேற்றில் புதைந்துவிடும் என்று தூக்கியபடியே நிறுத்தி, கீழே நுழைந்தான். பூண் பிய்த்துக்கொண்டு ஹோஸ் கழன்றது. பூம் இறங்கியது. அவன் உடம்பை இழுத்துக்கொண்டான், வலது காலை இழுக்க முடியவில்லை. கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலாளி சொன்னது ஒன்றே ஒன்று. பூமை இறக்காமல் கீழே போனது அவன் தப்பு. டில்லியும், "ஆமா மச்சான், என் தப்புதான், புது ஓஸுன்னு தெம்புல போய்ட்டேன்" என்றான். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரம் விமானம் ஏறிவிட்டேன்.

இந்த வருஷம் லீவுக்குப் போனபோது எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்கிறேன், சொல்கிறேன் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளி, கிளம்புகிற அன்று காலையில்தான் போனேன். டில்லி இப்போது எஸ்டேட்டில் ஹோஸ் அழுத்துகிற கடையில் வேலை பார்க்கிறான். செயற்கைக் காலை நீட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, பூணை மாட்டி, மெஷினில் வைத்து அழுத்துகிறான். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறான். பக்கத்து டீக்கடையில் வைத்துச் சொன்னேன். நான் ஹோஸை மாத்தலடா, பெயிண்ட்தான் அடிச்சேன் என்றேன்.

டில்லி டீயைக் குடித்து முடித்தான். கிளாஸை வைத்தான். கன்னத்தில் அறைவான் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அஞ்சு வருசமா செல்வி என்னை அந்த ஒரு கேள்வியைத்தான்டா கேக்கறா" என்றான். செல்வி அவன் மனைவி. "சோத்துல உப்பு இல்லன்னு சொன்னாகூட, பூமுக்குக் கீழ ஏன் போனேன்னு ஆரம்பிச்சுருவா. எழுந்து வா ஊட்டுக்கு. அவகிட்ட நீ சொல்லு."

"நீயே சொல்லேன்டா."

"நான் சொன்னா நம்புவாளா? தப்பிக்க இன்னொருத்தன் தலையில கட்டறேன்னுவா. நீ சொல்லணும்."

போனேன். செல்வி வாசலுக்கே வந்து, "வாங்கண்ணா, எப்போ வந்தீங்க, இளைச்சுப் போய்ட்டீங்களே" என்று காபி போட்டுக் கொடுத்தார். டில்லி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓமான் வெயிலைப் பற்றிப் பேசினேன். கேம்ப் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன். அப்போது செல்வியே கேட்டார். "நீங்க தொழில் தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்கண்ணா. பூம் தூக்கிகினு நிக்கும்போது எவனாச்சும் கீழ போவானா?"

கேள்வியை வெற்றிலை பாக்கு வைத்து என் கையிலேயே கொடுத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போகக்கூடாதும்மா" என்றேன்.

டில்லி தலையைக் குனிந்துகொண்டான். ஏர்போர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவன் வாசல் வரை வரவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகும் திரும்பிப் போகலாம், போகலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை. என் கோழைத்தனத்துக்கு விமானத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஊரைவிட்டு வந்தவர்களே, இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும், அங்கே தீர்க்காததை இங்கே கொண்டுவந்து எங்கேயும் வைக்க முடியாது. இங்கே எனக்கு நல்ல பெயர். ஹோஸை இவனைப் போலப் பார்க்கிறவன் இல்லை என்று கமீஸ் எல்லோரிடமும் சொல்கிறார். பூண்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, உப்பைக் கழுவி, விரலால் தடவிப் பார்க்கிறேன். பூமைத் தரையில் இறக்காமல் எவனையும் கிட்டே விடமாட்டேன், கத்துவேன். கமீஸ் அந்த நல்ல பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன்.

செல்வி, இது அச்சில் வந்தால் யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அன்றைக்குக் கேட்டீர்களே, அதற்குப் பதில் இது. பூமுக்குக் கீழே போகக்கூடாதுதான். டில்லி போனதற்குக் காரணம், அந்த ஹோஸை மாற்றிவிட்டாயா என்று என்னைக் கேட்டான், நான் "ம்" என்றேன். நான் மாற்றவில்லை. துருவின்மேல் மஞ்சள் அடித்தேன். இனி அவனைக் கேட்காதீர்கள், என்னைக் கேளுங்கள். நேரில் சொல்லத் துப்பில்லாமல் கடல் தாண்டி உட்கார்ந்து எழுதுகிறான் என்று திட்டுங்கள், அதுவும் சரிதான். அடுத்த லீவுக்கு முதல் நாளே வருவேன், கதவைத் திறப்பதும் சாத்துவதும் உங்கள் இஷ்டம். அதுவரை வேலை பார்ப்பது இந்த ஊரில், நிற்பது உங்கள் வாசப்படியில்.