தி மேன் கேம் அவுட்

சுதந்திரம் வந்த புதிதில் நான் ராயபுரத்தில் குடியிருந்தேன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா வேலை. ஒரு நாள், கோதுமை இறக்கி முடித்த கப்பலின் சரக்கறையில் எலிகளைக் கொல்ல விஷப்புகை போட இருந்தார்கள். உள்ளே மறந்துபோன விளக்கை எடுத்துவர வெள்ளைக்கார அதிகாரி, கூலியாள் காசிமை அனுப்பினார். காசிமுக்கு அன்று காய்ச்சல். துணைக்கு நானும் இறங்கினேன். அது மேலே நின்ற இன்னொரு கூலியாள் முனுசாமிக்கு மட்டும்தான் தெரியும்.

காசிம் முதலில் ஏறிப்போனான். உடனே முனுசாமி அதிகாரியிடம் கத்திச் சொன்னது கீழே எனக்குக் கேட்டது.

"தி மேன் கேம் அவுட், சார்!"

ஒரு ஆள் வந்துவிட்டான் என்று சொல்ல நினைத்தவன் 'எ மேன்' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதிகாரிக்கோ, உள்ளே போன அந்த ஒரே ஆள் வந்துவிட்டான் என்றுதான் அர்த்தமாகியிருக்கும்.

"க்ளோஸ் இட்!" என்றார் அவர்.

முனுசாமி, தள்ளாடிய காசிமைத் தாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுக்கப் போய்விட்டான் போலும். பளுதூக்கி உறுமத் தொடங்கியது. சரக்கறையின் வாயை மூடும் பலகைகள் ஒவ்வொன்றாக விழ, தலைக்கு மேல் வெளிச்சம் குறுகிக்கொண்டே வந்தது. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையிலிருந்த விளக்கால் இரும்பு ஏணியை அறைந்துகொண்டே ஏறினேன். கடைசிப் பலகையின் இடுக்கில் நீண்ட என் விரல்களைப் பார்த்து யாரோ அலறினார்கள்.

மேலே இழுத்துப் போட்டதும் முனுசாமி ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"ஒரு ஆளு வந்துட்டான்னுதானே நைனா சொன்னேன்! நீ கீழ கீறது எனக்குத் தெரியாதா?"

கட்டிய பிடியை அவன் விடவே இல்லை. எனக்குக் கோபமே வரவில்லை.

இன்றும் ஆங்கிலத்தில் 'தி' என்று எழுதப்போனால் என் பேனா ஒரு கணம் நின்றுவிடும். அந்தச் சொல்லில் அடங்காமல் இன்னும் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று மனம் தேடும்.