தேவகியோட துடிப்பு லைனுக்கு வந்துடுச்சு

இன்னிக்கு காலைல ஈசிஜி ரூம் வாசல்ல, நான் சாமிய கும்பிட்டுக்கினு நிக்கிறேன்.

உள்ள என் வூட்டுக்காரி தேவகி.

(புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் உத்திரமேரூர் பக்கம் டிராக்டர் ஓட்டுறவன். தேவகி நடவு ஆளுங்களுக்கு மேஸ்திரி. எனக்கும் மேஸ்திரி.)

போன வருசம் நடவு நட்டுக்கினு இருக்கும்போதே மூச்சு வாங்கி வரப்புல உக்காந்துட்டா. மாரு படபடன்னு அடிச்சிக்குது.

ஸ்கேன் பண்ணா, இதய வால்வு சுருங்கிப் போயிருக்கு. அதனால மேல் அறை வீங்கி, துடிப்பும் தாறுமாறா ஓடிக்கினு கீது.

ஆபரேஷன் பண்ற டாக்டர் பொறுமையா சொன்னாரு.

"வால்வு மாத்தணும். அப்பவே மேல் அறைல கோடு கோடா தழும்பு போட்டுட்டா, துடிப்பைக் கெடுத்துக்கினு தப்பா சுத்துற கரண்ட் அங்கயே நின்னுடும். துடிப்பு சரியாகறதுக்கு வாய்ப்பு அதிகம்."

தேவகி கேட்டா, "இன்னா சார், உள்ள சூடு வெப்பீங்களா?"

"சூடு இல்லம்மா, குளிரு. அந்த எடத்தை உறைய வெப்போம். கொஞ்சம் நேரம் கூட ஆகும். சில பேருக்கு அப்புறம் பேஸ்மேக்கர் வெக்க வேண்டி வரலாம். யோசிச்சி சொல்லுங்க."

நான் குறுக்க பூந்து, "வால்வு மட்டும் போதும் சார்"ன்னேன்.

அவ என்னைத் திரும்பிக்கூட பாக்கல.

"மாரை ஒரு வாட்டிதான் பொளக்கப் போறாரு. ரெண்டு வேலையும் முடிச்சிட்டு மூடட்டும்."

கையெழுத்தும் அவளே போட்டா.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சி வூட்டுக்கு வந்தோம். வந்த ரெண்டாவது வாரமே திரும்ப அந்தப் படபடப்பு.

எனக்கு உசுரே போயிடுச்சு. பட்டதெல்லாம் வீணான்னு நெனச்சி, கார் புடிச்சி ஓடினோம்.

டாக்டர் பாத்துட்டு, "மூணு மாசம் வரைக்கும் இப்படி வரும், போகும். தழும்பு ஆறணும்"னு மாத்திரை மாத்திக் குடுத்தாரு.

அந்த மூணு மாசம் நான் சரியா தூங்கல. அவ நல்லா தூங்கினா. (கொறட்டை சாட்சி.)

ஆறு மாசம் ஆயிடுச்சு. போன வாரம் ஒரு நாள் முழுக்க துடிப்பைப் பதிவு பண்ற மெஷின் மாட்டி அனுப்பினாங்க. இன்னிக்கு ஈசிஜி.

டாக்டர் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"துடிப்பு நார்மல்மா. தப்பான துடிப்பு ஒண்ணு கூட இல்ல."

நான் அழுதுட்டேன். ஒளிக்கிறதுக்கு இன்னா கீது.

அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. "வயல்ல எறங்கலாமா சார்?"

"எறங்கலாம். மெதுவா ஆரம்பிங்க. புது வால்வு இருக்கறதால ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய மட்டும் எப்பவும் நிறுத்தக் கூடாது."

வெளிய வந்தா, பெஞ்சில ஒரு பொண்ணு அழுதுக்கினு இருக்குது. அதுக்கும் இதே ஆபரேஷன், நாளைக்கு.

தேவகி பக்கத்துல போய் உக்காந்தா. தன் கையை அது மடியில வெச்சி, "நாடி புடிச்சிப் பாரு"ன்னா.

அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் புடிச்சிக்கினே இருந்துச்சு. அழுகை நின்னுடுச்சு.

உங்க வூட்ல யாருக்காவது வால்வு ஆபரேஷன் சொல்லி, துடிப்பும் தாறுமாறா இருந்தா, ரெண்டையும் சேர்த்துப் பண்ண முடியுமான்னு டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க. எல்லாருக்கும் ஒத்து வராது. ஆனா கேளுங்க.

நாளைக்கு அந்தப் பொண்ணுக்காக எல்லாரும் ஒரு நிமிசம் வேண்டிக்கிறீங்களா?